சேற்று நிலத்தில் இளவேனில்

இளவேனில் என்ற சொல்லைக் கேட்ட அளவில் மாந்தளிரும், வேப்பம்பூவும், குயிலின் கூவலும், தென்றலும் நம் நினைவில் வந்து நிற்கின்றன. பாடநூல்கள் நமக்குப் பழக்கிவைத்த இளவேனில் அது. சித்திரையும் வைகாசியும் அதற்குரிய திங்கள்கள் என்று இலக்கண நூலார் வகுத்ததை மனப்பாடமும் செய்திருக்கின்றோம். ஆயின் கோடிக்கரையில் தொடங்கி மேற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு வரை பாக் நீரிணையை ஒட்டிக் கிடக்கும் சதுப்பு நிலத்தில் இளவேனில் வேறொரு கோலம் கொள்கின்றது. அங்கே அது வருகையின் பருவமன்று, விடைபெறும் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வந்து தங்கிய பறவைகள் பங்குனியில் பயணத்திற்கு ஆயத்தமாகிச் சித்திரையில் ஒவ்வொரு கூட்டமாகக் கிளம்பிச் செல்கின்றன. நம் கல்லூரிகளில் தமிழ் பயிலும் மாணவருள் பலர் இக்கரையோர ஊர்களிலிருந்து வருகின்றவர்கள். ஆயினும் தம் வீட்டுக் கொல்லையிலிருந்து கூப்பிடு தொலைவில் நிகழும் இந்நிகழ்ச்சியைக் கண்டவர் மிகச் சிலரே என்பதை ஒரு குறையாகவே நாம் கருதுகின்றோம். அக்குறை பறவை நூலார்க்கு மட்டும் உரிய குறையன்று. தமிழ்த்துறைக்கும், நம் சமுதாயப் பெரியோர்க்கும் அதில் பங்குண்டு என்பதே நாம் ஈண்டுச் சொல்ல விழைவது.

முதலில் அந்நிகழ்ச்சி யாது என்பதைப் பார்ப்போம். மார்கழியில் சதுப்பு நிலத்திற்குச் சென்றால் சேற்றின் நிறத்திலேயே சாம்பலும் வெண்மையுமாகச் சிறு பறவைகள் ஓடித் திரியும். கொசு உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, கல்திருப்பி, உப்புக்கொத்தி, மூக்கன் என்று அவற்றிற்குத் தமிழில் அழகிய பெயர்கள் உண்டு. புதிதாகப் பார்ப்பவர்க்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்; தலை சுற்றும். அதே இடத்திற்குப் பங்குனி இறுதியில் சென்றால் வியப்பு காத்திருக்கும். குளிர்காலம் முழுதும் வெளிறியிருந்த வளைமூக்குடைய உள்ளானின் மார்பு செங்கற் சிவப்பாகிவிடும். சாம்பல் நிற உப்புக்கொத்தியின் வயிறு மைக்கறுப்பாகும். கல்திருப்பியின் முதுகில் செம்பழுப்பு படரும். மணமகன் கோலம் என்று சொன்னால் மிகையாகாது. ஏனெனில் அவை செல்வது தம் இனம் பெருக்கும் ஊருக்கு.

அவ்வூர் வடதுருவத்தை அடுத்த சைபீரியப் பனிவெளி. கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய 25 கிராம். அச்சிற்றுயிர் இமயத்தின் அப்பாலும் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, பனி உருகும் சூன் திங்களில் அங்கே சேர்ந்து, சூரியன் மறையாத அக்குறுகிய கோடையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றது. பயணத்திற்கு முன் இப்பறவைகள் இரவு பகலாகத் தின்று கொழுப்பைச் சேர்க்கின்றன. நெடுந்தொலைவு இடைநில்லாது பறக்கும் சில இனங்களில் உடல் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகின்றது. பறக்கும் முன் இரைப்பையும் குடலும் சுருங்கிச் சுமை குறைகின்றது என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். பட்டைவால் மூக்கன் ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரைப் பதினொரு நாளில் எங்கும் இறங்காமல் கடந்தது. பிறந்து ஐந்து திங்களே ஆன பறவை அது. வழிகாட்டப் பெற்றோர் உடனில்லை. ஆகத்து வந்துவிட்டால் நம் கரைக்கு முதற்கூட்டங்கள் திரும்பத் தொடங்குகின்றன.

இதில் நம்மை மிகவும் கவர்வது ஒன்று. பறவையின் பயணத்திற்கு நாள் குறிப்பது பகலின் நீளம். அதாவது சூரியக் கணக்கு. ஆனால் சேற்றில் அது இரை தேடும் வேளையைக் குறிப்பது கடலின் ஏற்றவற்றம். அது பிறைக் கணக்கு. தொழுகை நேரத்தைச் சூரியனாலும் திங்களைப் பிறையாலும் கணிக்கும் நம்மவர்க்கு இவ்விரட்டைக் கணக்கு புதியதன்று. திருமறையின் ஆறாம் அத்தியாயம் 38ஆம் வசனம் பறவைகளையும் நம்மைப் போன்ற சமுதாயங்களாகக் குறிப்பதை நம் ஆலிம்கள் மேடைகளில் எடுத்துரைக்கின்றனர். நபி சுலைமான் (அலை) அவர்கள் பறவைகளைப் பார்வையிட்டு, ஹுதுஹுது எனப்படும் கொண்டலாத்தியைக் காணவில்லையே என வினவிய செய்தி ‘எறும்பு’ என்னும் அத்தியாயத்தில் வருகின்றது. கூட்டத்தில் ஒரு பறவை குறைந்தாலும் கண்டுகொள்ளும் அந்தப் பார்வையே இன்று பறவைக் கணக்கெடுப்போர் பழக விரும்பும் பார்வை என்பது நம் கருத்து.

தமிழ்த்துறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உளர். நெய்தல் திணைப் பாடல்களை வகுப்பறையில் நடத்துகின்றோம். நாரை, குருகு, அன்றில் என்று பறவைப் பெயர்கள் வரும்போது, ‘ஒருவகை நீர்ப்பறவை’ என்று உரை சொல்லிக் கடந்து செல்கின்றோம். எந்த வகை, எந்தப் பருவத்தில், எந்த நீரில் என்று கேட்கும் மாணவனுக்கு நம்மிடம் விடை இல்லை. கேட்கும் மாணவனும் இல்லை என்பது வேறு செய்தி. சத்திமுத்தப் புலவர் நாரையை விளித்துப் பாடிய பாட்டை எல்லாரும் அறிவர். குமரித்துறையில் நீராடி வடதிசை நோக்கித் துணையுடன் செல்லும் செங்கால் நாரை அது. வறுமையின் பாட்டு என்று அதனைப் போற்றுகின்றோம், போற்றத்தக்கதே. ஆயின் நாரை தெற்கே வந்து பின் வடக்கே மீள்கின்றது என்ற இயற்கை உண்மையை ஒரு தமிழ்ப் புலவர் எளிய செய்தியாகக் கையாண்டிருக்கின்றார் என்பதை எத்தனை வகுப்புகளில் சுட்டியிருக்கின்றோம்? ஐரோப்பாவில் நாரைகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று அறியாமல் நெடுங்காலம் கற்பனைக் கதைகள் வழங்கிவந்ததை எண்ணினால் அப்பாட்டின் அருமை மேலும் விளங்கும்.

தமிழில் இயற்கையைக் கண்ணால் கண்டு எழுதிய உரைநடையாளர் இல்லாமலில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) அத்தகையவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கிய தியடோர் பாஸ்கரன் இன்னொருவர். இவர்களுடைய உரைநடை நம் பாடத்திட்டங்களில் பெற வேண்டிய இடத்தைப் பெற்றதாகத் தோன்றவில்லை.

கோடிக்கரையின் பெருமையை உலகறியச் செய்தவர் சாலிம் அலி (1896–1987). பம்பாயில் சுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அவர் பறவையியலையே வாழ்வாக்கிக் கொண்டவர். 1941இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றளவும் கையேடாக விளங்குகின்றது. கோடிக்கரை 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதற்கு அவருடைய பரிந்துரையும் ஒரு காரணம். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1959 முதல் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழியை ஆராயத் தொடங்கியபோது, வலையும் கண்ணியும் வைக்க ஆள் தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் நாடியது பீகாரின் மீர்ஷிகார் எனப்படும் பரம்பரைப் பறவை பிடிப்போரை. அவர்களும் முஸ்லிம்களே. தலைமுறை தலைமுறையாக உயிரோடு பிடித்து விற்ற கைகள், இறகு கலையாமல் பிடித்து, வளையமிட்டு, மீண்டும் வானில் விடும் கைகளாயின. இந்தியாவில் வளையமிட்ட பறவைகள் அன்றைய சோவியத் நாட்டின் சைபீரியப் பகுதிகளில் கண்டெடுக்கப்பட்டபோதுதான் நம் சதுப்பு நிலங்களுக்கும் அப்பனிவெளிக்கும் உள்ள உறவு ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது. பட்டம் பெற்ற அறிஞரும் எழுத்தறியா வேட்டைக்காரரும் ஒன்று சேர்ந்து செய்த இப்பணி நம் சமுதாய வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. நம் மேடைகளில் சாலிம் அலியின் பெயரேனும் சிலபோது ஒலிக்கின்றது. மீர்ஷிகார்களின் பெயரை நாம் கேட்டதேயில்லை.

இனிப் பிற நாடுகளின் நிலையைக் காண்போம். இங்கிலாந்தின் கீழ்க்கரையில், நார்போக் மாவட்டத்தில், கிளே என்னும் சிற்றூரின் சதுப்பு நிலத்தை 1926இல் இயற்கை ஆர்வலர் சிலர் விலைக்கு வாங்கி என்றென்றைக்கும் பறவைகளுக்கென ஒதுக்கினர். அதற்குத் தெற்கே சபோக் கரையிலுள்ள மின்ஸ்மியரின் கதை இன்னும் சுவையானது. 1940இல் செர்மானியப் படை கடல்வழி இறங்கக்கூடும் என்ற அச்சத்தில் அங்கிருந்த மேய்ச்சல் நிலங்களில் வேண்டுமென்றே நீரைப் பாய்ச்சினர். போர் முடிந்தது, நிலம் சதுப்பாகவே கிடந்தது. ஏறத்தாழ நூறாண்டுகளாக அந்நாட்டில் கூடுகட்டாதிருந்த கோணமூக்கு உள்ளான் 1947 இளவேனிலில் வந்து அங்கே முட்டையிட்டது. மேல்நோக்கி வளைந்த மூக்குடைய அக்கறுப்பு வெள்ளைப் பறவையே இன்று அந்நாட்டின் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் சின்னம். அச்சங்கத்தின் உறுப்பினர் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அஞ்சல்காரரும் ஆசிரியரும் ஓய்வுபெற்ற மாதரும் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சித்திரை வைகாசிக் குளிரில் சேற்றோரம் காத்திருப்பது அங்கே கேலிக்குரிய செயலன்று. இனப்பறவை அதே, நம் கரைக்கும் குளிர்காலத்தில் வருகின்றது. ஆனால் அதைக் காணக் காத்திருப்போரின் எண்ணிக்கையில்தான் வேறுபாடு.

மேனாட்டாரைப் பாராட்டும் இவ்விடத்தில் அவர்தம் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மத்தியதரைக் கடலின் மால்ட்டாத் தீவில் இளவேனிற் காலத்தில் வடக்கே திரும்பும் காட்டுப்புறாவையும் காடையையும் சுடுவது நெடுநாள் வழக்கம். ஐரோப்பியச் சமூகத்தின் 1979ஆம் ஆண்டுப் பறவைச் சட்டம் இளவேனில் வேட்டையை விலக்கியது. 2009இல் ஐரோப்பிய நீதிமன்றமும் மால்ட்டாவுக்கு எதிராகத் தீர்ப்புரைத்தது. விதிவிலக்கைக் காட்டி வேட்டை தொடரவே 2015 ஏப்ரலில் பொதுமக்கள் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. வேட்டை வேண்டும் என்போர் நூற்றுக்கு ஐம்பதைச் சற்றே கடந்து வென்றனர். படித்த நாடு, பணமுள்ள நாடு என்பதனால் மட்டும் பறவைக்குப் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை.

இளவேனில் வேட்டையை ஏன் தனியே பிரித்துக் கண்டிக்க வேண்டும்? குளிர்காலத் தொடக்கத்தில் வரும் கூட்டத்தில் இளம் பறவைகள் மிகுதி; அவற்றுள் பல இயல்பாகவே பசியாலும் நோயாலும் மடியும். எல்லாத் துன்பங்களையும் கடந்து பங்குனி வரை பிழைத்துக் கொழுத்திருப்பவை அவ்வாண்டு குஞ்சு பொரிக்கப் போகின்றவை. அவற்றுள் ஒன்றைக் கொல்வது விதைநெல்லைக் குத்தித் தின்பது போன்றது.

நம் கரைக்கு வருவோம். இரவில் வலை விரித்தும் கண்ணி வைத்தும் உள்ளான்களையும் பிற நீர்ப்பறவைகளையும் பிடித்து, சிறகொடித்து, கொத்துக் கொத்தாகக் கட்டி விற்பது நம் கடலோர ஊர்களில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். வாங்குவோர் இருப்பதனாலேயே விற்போர் இருக்கின்றனர். வாங்குவோருள் நம்மவரும் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. உள்ளான் கறி உடம்புக்குச் சூடு, மூட்டு வலிக்கு மருந்து என்று சொல்லி விருந்துக்கு வாங்குகின்றவர்களைக் குறித்தே பேசுகின்றோம். 25 கிராம் எடையுள்ள ஓர் உயிரில் இறகும் எலும்பும் குடலும் போக எஞ்சும் இறைச்சி ஒரு கவளத்திற்குக் காணாது. பத்துப் பறவைகள் சேர்ந்தால் ஒரு சிறு கோழிக்குஞ்சின் எடை. பசிக்கு உண்பது என்ற வாதம் இங்கே நில்லாது; இது நாவின் ஆசை மட்டுமே.

அறுத்து உண்ணத்தக்க பறவைதானே, ஆகுமானதுதானே என்பர். ஆகுமானது என்பது வேறு. ஆக வேண்டியது என்பது வேறு. காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் முறையிடும் என்னும் பொருள்பட அமைந்த நபிமொழி நஸாயீ தொகுப்பில் உள்ளது. குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பி விடச் செய்த நிகழ்ச்சி அபூதாவூதில் காணப்படுகின்றது. ஹஜ்ஜுக்கு இஹ்ராம் அணிந்தவர் தரையில் வேட்டையாடலாகாது என்பது திருமறையின் கட்டளை. பயணத்தின் புனிதத்தை இவ்வளவு நுட்பமாக உணர்ந்த மார்க்கத்தினர், பயணம் புறப்பட நிற்கும் உயிரை வலைவீசிப் பிடிப்பதைப் பற்றிச் சிறிதேனும் எண்ண வேண்டாமா? சாலிம் அலியின் தன்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. பத்து வயதளவில் காற்றுத் துப்பாக்கியால் அவர் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் கறை இருந்தது. இது முஸ்லிம் உண்ணத்தக்க பறவைதானா என்ற ஐயம் எழ, மாமாவிடம் கொண்டு சென்றார்; மாமாவுக்கும் தெரியவில்லை. அவ்வினாவே அச்சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வாயிலுக்கு அனுப்பியது. உண்ணலாமா என்று கேட்கத் தொடங்கியவர், இது என்ன பறவை என்று கேட்கத் தலைப்பட்டார். நம் வீடுகளில் முதல் வினாவோடு நின்றுவிடுகின்றோம்.

வலையை விடப் பெரிய பகை ஒன்று உண்டு. அது நிலத்தை இழத்தல். சதுப்பு நிலம் என்றால் பயனற்ற தரிசு என்ற எண்ணம் நம் வருவாய்த்துறைக் கணக்குகளிலும் மக்கள் மனத்திலும் வேரூன்றியிருக்கின்றது. ஐயாயிரம் எக்டேர் அளவினதாக இருந்ததென மதிப்பிடப்படும் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு, குப்பை மேட்டாலும் கட்டடங்களாலும் அதில் பத்தில் ஒரு பங்களவாகச் சுருங்கிய பின்னரே நாம் விழித்தோம். தஞ்சைக் கடலோரத்தில் தொண்ணூறுகளில் இறால் பண்ணைகள் பெருகி, நன்னீர்க் கிணறுகள் உப்பாகி, விளைநிலம் கெட்டபோது காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குட்பட்ட பண்ணைகளை அகற்றுமாறு தீர்ப்பளித்தது. பின்னர் 2005இல் வந்த சட்டம் பண்ணைகளுக்கு வழிவிட்டது. கோடிக்கரையிலோ, உப்பளங்கள் விரிந்தமையாலும், மழைநீரும் வாய்க்கால் நீரும் முன்போல் சதுப்பிற்கு வந்து சேராமையாலும் உப்பு மிகுந்து இரை குன்றி, பறவைகளின் தொகை எண்பதுகளில் இருந்ததைக் காட்டிலும் பெரிதும் குறைந்துவிட்டது என்று அங்கே நெடுங்காலம் ஆய்ந்தோர் கூறுகின்றனர். 2018 நவம்பரில் கரை கடந்த கஜா புயல் கோடிக்கரைக் காட்டையும் முத்துப்பேட்டை அலையாத்தியையும் சிதைத்ததை இக்கரையினர் மறந்திருக்க மாட்டார்கள்.

இழந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா சான்று. மஞ்சள் கடலின் சேற்றுநிலங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வடக்கே செல்லும் பறவைகளுக்கு இளவேனிலில் இளைப்பாறும் சத்திரம். அங்கே சேமன்கும் என்னுமிடத்தில் இரண்டு ஆற்று முகத்துவாரங்களை அடைத்து 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் எழுப்பினர். அதனைத் தடுக்க வேண்டி 2003 இளவேனிலில் பௌத்தத் துறவியும் கிறித்தவக் குருமாரும் உள்ளிட்ட சமயத் தலைவர்கள் மூன்றடி நடந்து ஒருமுறை நெடுஞ்சாண்கிடையாக வணங்கி, மீண்டும் மூன்றடி நடந்து என, 65 நாட்கள் தலைநகர் வரை சென்றனர். 2006 ஏப்ரலில் சுவர் முடிந்தது. அங்கே தங்கிவந்த பெரிய உள்ளான் இனமொன்று வேறிடத்தில் சென்று பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னவர்கள் இருந்தனர், அது பிழைத்துக்கொள்ளவில்லை. தொகை சரிந்து, 2015இல் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆயினும் அச்சமயத் தலைவர்களின் நடை வீணென்று சொல்ல மாட்டோம். அதே நாட்டின் எஞ்சிய சேற்றுநிலங்கள் சில 2021இல் உலக மரபுச் சின்னமாயின. சீனமும் 2018இல் கடலைத் தூர்ப்பதற்குக் கடுந்தடை விதித்தது.

முஸ்லிம் நாடு ஒன்றில் நல்ல எடுத்துக்காட்டு இல்லையா என்று கேட்போர்க்கு, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள மொரித்தேனியாவைச் சுட்டுவோம். சகாரா மணலும் அட்லாண்டிக் கடலும் சந்திக்கும் ஆர்கின் திட்டுப்பகுதி 1976இல் தேசியப் பூங்காவாயிற்று. 1989இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஏறியது. குளிர்காலத்தில் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட கரைப்பறவைகள் அங்கே தங்கி, இளவேனிலில் ஐரோப்பிய வாடன் கடற்கரை வழியாக வடக்கே செல்கின்றன. அங்கு வாழும் இம்ராகுவன் என்னும் மீனவக் குடியினரை யாரும் வெளியேற்றவில்லை. பூங்காவினுள் இயந்திரப் படகு கூடாது. பாய்மரப் படகில் அவர்களே மீன் பிடிக்கலாம். பறவைக்கு இரையாகும் சேறே மீன்குஞ்சுக்கும் தொட்டில் என்பதை அம்மக்கள் அறிந்திருக்கின்றனர். அதுபோன்றே லெபனான் நாட்டினர் 2004 முதல் ‘ஹிமா’ என்னும் பழைய முறையைப் புதுப்பித்துப் பறவைகள் தங்கும் நீர்நிலங்களை ஊர் மக்களின் பொறுப்பிலேயே காத்துவருகின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகே அந்-நகீஃ என்னும் மேய்ச்சல் நிலத்தை ஹிமாவாக ஒதுக்கினார்கள். மதீனா நகரைச் சுற்றி மரம் வெட்டுதலையும் வேட்டையையும் விலக்கினார்கள். இவற்றை அறிந்த நாம் ‘சுற்றுச்சூழல்’ என்பது மேனாட்டிலிருந்து இறக்குமதியான கருத்து என்று ஒதுக்குவது பொருந்துமா?

தமிழகத்திற்கும் இம்மரபு அயலானதன்று. வேடந்தாங்கலில் ஊரார் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே பறவைகளைக் காத்துவருகின்றனர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகின்றது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். கூந்தன்குளத்தில் பறவைகள் கூடுகட்டும் காலத்தில் ஊரார் வெடி வெடிப்பதில்லை. இவை நன்செய் சார்ந்த குளங்கள். இவற்றின் பறவைகள் நம் கண்முன்னே கூடுகட்டுகின்றன, குஞ்சு பொரிக்கின்றன; எனவே இரக்கம் எளிதில் பிறக்கின்றது. சேற்று நிலத்து உள்ளானோ நம் முன் கூடுகட்டுவதில்லை. நமக்கு உரமும் தருவதில்லை. அதனால்தான் அதற்குப் பரிந்து பேச ஆளில்லை.

உப்பளத் தொழிலாளியும் மீனவரும் பிழைக்க வேண்டாமா, பறவை பெரிதா மனிதன் பெரியவனா என்ற எதிர்ப்பை நாம் எதிர்பார்க்கின்றோம். மனிதனே பெரியவன், ஐயமில்லை. ஆயின் சதுப்பு நிலம் அழிந்த இடங்களில் வளம் பெற்றவன் எந்த மனிதன் என்று கேட்டுப் பாருங்கள். பாய் முடையக் கோரை அறுத்தவளும், சேற்றில் கைவிட்டு இறால் தடவியவளும், தூண்டிலிட்டவனும் அல்லர். அவர்கள் பறவையோடு சேர்ந்தே வெளியேறினர். பறவை குறைகின்றது என்றால் அச்சேற்றில் புழுவும் நண்டும் இறாலும் குறைகின்றன என்றே பொருள். தொண்ணூறுகளில் பண்ணைகள் வந்தபோது முதலில் உணர்ந்தவர் கூலித்தொழிலாளப் பெண்களே. அவர்களே போராட்டத்தின் முன்னணியில் நின்றனர்.

தமிழகத்தில் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலங்கள் 2002இல் கோடிக்கரை ஒன்றே. 2025 தொடக்கத்தில் அவை இருபதாக உயர்ந்தன. பள்ளிக்கரணையும், பிச்சாவரமும், மரக்காணத்தை அடுத்த கழுவேலியும், இராமநாதபுரத்துச் சக்கரக்கோட்டையும் அவற்றுள் அடங்கும். அரசு செய்தது பாராட்டத்தக்கது. பட்டியல் காவல்காரனாகாது என்பதும் உண்மை. அவற்றை அடுத்து வாழும் ஊர்களுள் நம் மக்கள் நிறைந்த ஊர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும்போது, சமுதாயப் பெரியோரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கத் தோன்றுகின்றது. பங்குனித் திங்களில் ஒரு வெள்ளிக்கிழமையில், கடலோர ஊர்ப் பள்ளிவாசல்களின் ஜும்ஆ உரையில், உள்ளான் வலை பற்றி ஐந்து நிமிடம் பேசலாம். விருந்துகளில் அக்கறி பரிமாறப்படாது என்று ஜமாஅத் முடிவெடுக்கலாம். வரதட்சணைக்கும் ஆடம்பரத் திருமணத்திற்கும் எதிராகத் தீர்மானம் இயற்றத் தெரிந்த ஜமாஅத்துகளுக்கு இது பெரிய காரியமன்று.

நம் துறைக்கும் ஒரு பணி உண்டு. ஆண்டுதோறும் மாணவர் சுற்றுலா சித்திரையில் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்கின்றது. ஓராண்டு அதனைப் பங்குனி இறுதியில் கோடிக்கரைக்கு மாற்றலாம். விடுதிச் செலவு குறைவு. எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி நான்கு வாங்கினால் நாற்பது மாணவர்க்குப் போதும். துறையின் உடைமையாகப் பல்லாண்டு நிலைக்கும். காலையில் சூரியன் முதுகுக்குப் பின் இருக்குமாறு நிற்க வேண்டும். வெள்ளையும் சிவப்பும் தவிர்த்து மங்கிய ஆடை உடுத்த வேண்டும். ஓதம் ஏறும் வேளையில் பறவைகள் கரையை நெருங்கி வரும். ஒவ்வொரு மாணவரும் தம் ஊர் மீனவரிடமும் உப்பளத் தொழிலாளரிடமும் பறவைகளுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதி வரட்டும். மூக்கன், காலி, கொத்தி, உள்ளான், ஆலா என்று சேற்றில் நின்றவர் இட்ட இப்பெயர்களைப் புலவர்கள் படைக்கவில்லை. அகராதிகள் இவற்றுள் பாதியைக்கூடப் பதியவில்லை; சொல்லத் தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். ஆய்வுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று நூலகத்தில் உலவும் மாணவர்க்கு, பழவேற்காடு முதல் காயல்பட்டினம் வரை உள்ள கடலோர முஸ்லிம் ஊர்களின் பறவைப் பெயர்கள் என்று ஒரு தலைப்பை இம்மலர் வழியே நாம் முன்மொழிகின்றோம். களப்பணிக்குரிய காலம் ஐப்பசி முதல் சித்திரை வரை.